கோட்டுப் பையில் ஒரு போனும் முற்றத்தில் ஒரு மீன்காரரும்

அன்றைக்கு வீட்டில் இருந்தது நாலு பேர். நான், எனக்க வீட்டுக்காரர், எல்லையில் களியக்காவிளைக்கு அப்புறம் தமிழ்நாட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்த அக்கா, இங்கிலீஷ் பேச்சைத் தமிழில் சொல்லித்தரக் கூப்பிட்ட பக்கத்து வீட்டு டீச்சர். மேசைமேல் ஒரு போன். அந்தப்புறம் இங்கிலாந்தில், மகளின் கோட்டுப் பையில் இன்னொரு போன், அங்கே பேசுவது இங்கே கேட்கும்படி.

அப்படி வைக்கச் சொன்னது நான்தான். வயசானவர்களைப் பார்க்கிற வேலை என்று பணம் வாங்கி அவளைக் கொண்டுபோன கம்பெனிக்கு ஆள் எடுக்கிற லைசென்ஸ் போய்விட்டது. வேறே யாராவது சீக்கிரம் வேலைக்கு எடுக்கவில்லை என்றால் அங்கே நிற்க விடமாட்டார்கள். ஐரோப்பாவை விட்டுப் பிரிந்தபிறகு வேலைக்கு ஆள் இல்லாமல் அவர்களே கூப்பிட்டதாக்கும். இப்போது அந்த ஊர்த் தெருவில் கொடி பிடித்து, வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போங்கள் என்கிறார்கள். ஒருநாள் இவள் கோட்டில் முட்டை வந்து விழுந்தது. "அவிக்காத முட்டையாக்கும்மா, நோவல்ல," என்று சிரிக்கிறாள். நான் ஏழாம் கிளாசோடு நின்றவள். சட்டம் தெரியாது, பயப்பட நல்லாத் தெரியும். இன்னொரு முதியோர் இல்லத்து இன்டர்வியூவுக்குத் தனியாகப் போகிறவளை யாராவது பிடித்து வைத்துவிட்டால்?

"ஒருத்தரும் மூச்சு விடப்பிடாது," என்றேன். அதிகம் மூச்சு வாங்கினது நான்தான்.

டீச்சர் காதோடு சொன்னார்: "மேனேஜரு ஒரு பொம்பளை. ஆளைத் தூக்கி இருத்தத் தெரியுமான்னு கேக்குது."

"தேங்காச் சாக்கு தூக்கினவளாக்கும்," என்றார் இவர். அக்கா அவரை முறைத்தாள்.

அப்போது பார்த்து முற்றத்தில் மீன்காரரின் ஸ்கூட்டர். பாம், பாம், பாம்! "சாளை உண்டு! அயிலை உண்டு!" டீச்சர் போனில் நம் சத்தத்தை அடைக்கும் முன்னே அது மகளின் பையில் ஒலித்து, அங்கே பேச்சு நின்றுபோனது. கெடுத்தேனே.

மகள் மறைக்கவில்லை. "அது எங்க வீட்டு முற்றத்துல மீன்காரரு. எங்க அம்மா போன்ல கேட்டுட்டு இருக்கா. உங்க ஊருன்னா அவளுக்குப் பயம்," என்று சொல்லிவிட்டாள்.

பிறகு மேனேஜர் பேசியதை டீச்சர் சொன்னார்: "அந்தக் கொடி பிடிக்கிறவன்ல ஒருத்தனுக்க அம்மை இங்க மாடியில கிடக்கு. ஞாயிறுதோறும் வருவான். நீ என்ன செய்வே?"

"உங்க அம்மைக்குச் சாயாவில எவ்வளவு இனிப்புன்னு அவன்கிட்ட கேப்பேன்."

மேனேஜரம்மா சிரித்த சிரிப்புக்கு டீச்சர் வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரம் வேலைக்கு வரணும், விசா பேப்பர் அவர்களே பார்ப்பார்கள், நம்மிடம் ஒரு பைசா வாங்கமாட்டார்கள். "அவன் வாற நாள் நானும் பக்கத்துல நிப்பேன்னு உனக்க அம்மைகிட்ட சொல்லு. மீன் வாங்கியாச்சான்னும் கேளு," என்றாராம் மேனேஜர்.

"வாங்கல்ல! இப்ப வாங்குதோம்!" அக்கா போனைப் பார்த்துத் தமிழிலேயே கத்தினாள்.

ஓடினோம். கூடையோடு இறக்கச் சொன்னார் இவர். "எலே, வீட்டுல கல்யாணமா?" என்றார் மீன்காரர். அதுக்கும் மேலே என்றேன். பாதியை அக்கா எல்லை தாண்டிக் கொண்டுபோனாள்.

மகளை அனுப்ப வாங்கின கடனில் பாக்கி மூணு லட்சத்து எழுபதாயிரம். மீன்காரருக்குக் கொடுத்ததுபோக பாக்கி நானூற்றுப் பத்து.