அழித்த சைட்காரிலிருந்து வந்த அழைப்பு

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து தேநீர் போடப் போகிற ஆள் நான். கணினிக்குள் நடக்கிற எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று நம்பித்தான் இத்தனை வருடமாக ஜெர்மனியின் பான் நகரில் பிழைப்பு ஓடுகிறது. இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பமாட்டீர்கள், பரவாயில்லை, வாதாட எனக்கும் தெம்பில்லை.

தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் மாட்டியிருக்கும் அவசரப் பொத்தானை அமுக்கினால், அந்த அழைப்பை உதவி மையத்துக்குக் கொண்டுசேர்ப்பது எங்கள் மென்பொருள். பழைய பெரிய மென்பொருளைக் கன்டெய்னர்கள் எனும் சின்னத் துண்டுகளாக உடைத்து கிளவுடுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். மாதக்கணக்கில் அதே வேலை, உடம்பு ஓய்ந்துபோயிற்று.

ஒவ்வொரு கன்டெய்னரையும் கவனிக்கப் பக்கத்திலேயே ஒரு துணைக் கன்டெய்னரை எங்கள் குழுவின் மூத்தவரான விமலன் அண்ணை வைத்திருந்தார், சைட்கார் என்போம். அழைப்பு போகும் பாதை அடைபட்டால் அது பொறுப்பில் இருப்பவருக்குத் தொலைபேசி எடுத்து, அண்ணை பதிவு செய்த குரலில் எச்சரிக்கும். போன குளிர்காலத்தில் மாரடைப்பு வந்து அண்ணை போய்விட்டார். சைட்கார்கள் வீண் செலவு என்று மேலிடம் சொன்னது, அவற்றை ஓட்டும் மூலப்படியோடு சேர்த்து நானே அழித்தேன். பதிலுக்கு சர்க்யூட் பிரேக்கர் வைத்தோம், அதாவது மறுபக்கம் பதில் தராவிட்டால் வீட்டு ஃபியூஸ் போலப் பாதையை மூடிவிடும் ஏற்பாடு. ஒரேயொரு தடங்கலுக்கே மூடும்படி சோதனைக்கு வைத்த அளவை மாற்றாமலே நிஜ அமைப்பில் ஏற்றிவிட்டோம், களைப்பில் யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த மார்கழி மாதம், பின்னேரமே இருட்டிவிட்டது. வீட்டுக்குப் போகும் ரயிலில் கண்ணயர்ந்துவிட்டேன். தொலைபேசி அடித்தது.

"தம்பி, நித்திரையோ? எழும்பும். பாதை பூட்டிக் கிடக்கு."

விமலன் அண்ணையின் குரல், சத்தியமாக. மடிக்கணினியை எடுத்துப் பார்த்தால் பாதை மூடித்தான் கிடந்தது. அதைத் திறந்துவிட்ட உடனே ஓர் அழைப்பு உள்ளே ஓடியது. பீலெஃபெல்ட் நகரில், குளியலறையில் விழுந்துகிடந்த ஒரு கிழவி, பொத்தானை அமுக்கி அமுக்கிக் களைத்துப்போயிருந்தாராம். உயிர் தப்பிவிட்டார்.

மறுநாள் எங்கள் குழுவிலிருக்கும் கோயம்புத்தூர் கார்த்திக் எல்லாப் பதிவுகளையும் சலித்துப் பார்த்தான்.

"அண்ணா, லாக்ல ஒண்ணுமே இல்லை. அந்த சைட்கார் எங்கயும் ரன் ஆகலை. டயர்டுல கனவு கண்டிருப்பீங்க."

"கனவெண்டா இது என்னடாப்பா?" என்று என் தொலைபேசியை நீட்டினேன். வந்த அழைப்புகளில், சைட்கார்கள் எங்களை அழைக்கும் பழைய எச்சரிக்கை எண் இருந்தது.

பழைய சேமிப்பில் கிடந்த அண்ணையின் ஒலிப்பதிவைத் தேடியெடுத்து இருவரும் கேட்டோம். அதே குரல்தான். ஆனால் எங்கள் குழுவில் பாதிப்பேர் ஜெர்மன்காரர் என்பதால் அண்ணை ஜெர்மனில்தான் பதிவு செய்திருந்தார். இன்றைக்கும் தொலைபேசி அடித்தால் எனக்கு அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. அந்தப் பதிவில் 'தம்பி' என்ற சொல் இல்லை, தமிழே இல்லை.