வழி மாறிய ரத்தமும் ஸ்கேன் டாக்டரும்

“ஒரு தடவை பார்த்ததை மறு தடவை பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. சந்தேகப்படறவங்கதான் திரும்பிப் பார்ப்பாங்க.”

மருத்துவமனை கேன்டீனில் டீ கிளாஸை உயர்த்திப் பிடித்து, பட்டமளிப்பு விழாத் தோரணையில் இதை அருளியவர் ஸ்கேன் டாக்டர். எதிரே அவருடைய அக்கா, பச்சிளங்குழந்தை வார்டு டாக்டர். தம்பியின் பிரகடனங்களை அவள் டீயோடு சேர்த்து விழுங்கிவிடுவாள்.

அந்த வாரம் அவள் வார்டில் ஒரு பெண் குழந்தை பால்கூடக் குடிக்காமல் தூங்கி வழிந்தது. குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் பால் சர்க்கரை எகிறியிருந்தது. பாலை மாற்றியும் மயக்கம் தெளியவில்லை, கல்லீரல் சுத்தம் பண்ண வேண்டிய அம்மோனியாவும் ஏறியது. இன்னும் ஏறினால் மூளைக்கு ஆபத்து. ஸ்கேனுக்கு அனுப்பினாள். தம்பி பார்த்தார். கல்லீரல் பளிங்கு. “சுத்தம்” என்று சொல்லிவிட்டு டீக்குப் போனார்.

அக்கா பின்னாலேயே வந்தாள்.

“ஏன்டா, வீட்டைப் பார்த்தே. வாசலைப் பார்த்தியா?”

“வீடு நல்லா இருக்கே, வாசலுக்கு என்னக்கா?”

“சுத்தம் பண்ண வேண்டிய ரத்தம் உள்ளேயே வராம போனா, வீடு நல்லாத்தான்டா இருக்கும்.”

சரித்திரத்தில் முதன்முறையாக டீ பாதியில் நின்றது. ஆனால் கொள்கை அசையவில்லை: இது இரண்டாவது தடவை இல்லையாம், ரத்த ஓட்டத்தைக் கலர் போட்டுப் பார்ப்பதில் முதல் தடவையாம்.

கலரில் தெரிந்துவிட்டது. பிறந்ததும் தானாக மூடிக்கொள்ள வேண்டிய ரத்தக்குழாய் ஒன்று அகலத் திறந்து கிடந்தது. குடலிலிருந்து வந்த ரத்தம் கல்லீரலை எட்டிக்கூடப் பார்க்காமல் குறுக்கு வழியில் இதயத்துக்கு ஓடியது.

“என் பொண்ணு கண்ணைத் திறப்பாளா டாக்டர்?” என்றாள் குழந்தையின் அம்மா.

ஸ்கேன் டாக்டர் திரையில் அந்தக் குழாயைத் தொட்டுக் காட்டினார். “வழி தெரிஞ்சிடுச்சும்மா. அடைச்சுப் பார்க்கலாம்.”

மருந்தால் அம்மோனியாவை இறக்கிய பிறகு, ரத்தக்குழாய் நிபுணர் கழுத்து வழியே மெல்லிய குழாயை விட்டு, குட்டி பலூனால் அந்தக் குறுக்கு வழியை அடைத்துப் பார்த்தார். கல்லீரலின் சொந்தக் குழாய்கள் வலுவில்லாமல் இருந்தால் அழுத்தம் கண்டபடி ஏறும். அப்படியானால் இப்போதைக்கு மூட முடியாது. கண்ணாடிக்கு வெளியே அக்காவும் தம்பியும் அழுத்த அளவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அழுத்தம் கொஞ்சம் ஏறி, அடங்கியது. நிரந்தர அடைப்பானை வைத்தார்கள்.

ஓரிரு நாளில் குழந்தை பாலுக்காக அழுது வார்டையே இரண்டாக்கியது. ஸ்கேன் டாக்டர் வந்து பார்த்தார். கல்லீரலுக்குள் ரத்தம் ஒழுங்காக ஓடியது. மாலையில் மெஷினைத் தானே தள்ளிக்கொண்டு மறுபடி வந்தார்.

“காலையிலதானே பார்த்தீங்க?” அம்மா பயந்துபோனாள். “ஏதாவது சந்தேகமா டாக்டர்?”

“அதெல்லாம் இல்லம்மா.” குழந்தைக்குச் சில்லிடாதபடி ஜெல்லை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினார். “சும்மா, இன்னொரு தடவை பார்க்கணும்னு இருந்துச்சு.”