ஒன்றேகால் வீசை மகள்

எங்கள் மகள் குறைமாதத்தில் பிறந்தபோது அவளுடைய நிறை ஒரு கிலோ எழுநூற்றைம்பது கிராம். இரண்டு கிலோ ஆனால்தான் வெள்ளவத்தை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார் டொக்டர். ஒப்பரேஷனுக்குப் பிறகு மனைவிக்குக் காய்ச்சல், அதனால் குழந்தைப் பிரிவுக்குள் அவளை விடவில்லை. மேல்மாடிக் கட்டிலில் இருந்தபடி பால் எடுத்துக் கோப்பையில் தருவாள். அதைக் கீழே கொடுத்துவிட்டு, காலையில் பார்த்த நிறையைக் கேட்டுவந்து அவளிடம் சொல்வது என் வேலை.

வெளியில் யாருக்கும் நிறையைச் சொல்லக்கூடாது, நாவூறு படும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். போன் எடுத்த கொட்டாஞ்சேனை மாமி விடுவாரா?

"பிள்ளை எத்தனை இறாத்தல், தம்பி?"

"ஒண்டேகால் வீசை, மாமி."

நான் பொய் சொல்லவில்லை. பலம் முப்பத்தைந்து கிராம், நாற்பது பலம் ஒரு வீசை. கொச்சிக்கடையில் சரக்குக் கம்பனி ஒன்றில் தொன்னையும், ஐம்பது கிலோச் சொச்சமான அந்தரையும் கிலோவாக்கிப் பிழைக்கிற எனக்கு இந்தப் பழைய நிறைகளில் ஒரு கிறுக்கு உண்டு. ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து போனில் தேடிக்கொண்டேயிருந்தேன். ஓர் ஊரின் கழஞ்சு அடுத்த ஊரில் இளைத்துவிடுகிறது. குன்றிமணி வெறும் விதை. கொடிக்குக் கொடி பருமன் மாறாதா? அதை நம்பி எப்படிப் பொன் நிறுத்தார்கள்?

மகள் முதன்முதலாகக் கூடியது இருபது கிராம்.

"இருபதுதானோ?" மனைவியின் முகம் வாடிவிட்டது.

"குன்றிமணியில நூற்றைம்பதுக்கு மேல."

சிரித்துவிட்டாள். தையல் இழுத்ததில் எனக்கு ஏச்சும் விழுந்தது. அன்றிலிருந்து என் தலை தெரிந்ததும், "எத்தனை மணி?" என்றுதான் கேட்பாள். கூட்டி வைத்துக்கொண்டு சந்தோஷப்படுவாள்.

பிறகு ஒரு காலை பத்து கிராம் குறைந்திருந்தது. இப்படி நடக்கிறதுதான் என்று நர்ஸ் சிங்களத்தில் ஆறுதல் சொன்னார். படியேறும்போதே கணக்குப் போட்டேன்.

"எத்தனை மணி?"

"அந்தரில பார்த்தா ஐயாயிரத்தில ஒரு பங்குதான் வித்தியாசம்."

அவள் சிரிக்கவில்லை. "குறைஞ்சிட்டாளோ?"

"ஏன் அப்பிடிக் கேக்கிறீர்?"

"கூடினா சின்ன நிறையில சொல்லுவியள். இண்டைக்குப் பெரிசுக்குப் போயிட்டியள்."

நான் அப்படிச் செய்கிறேன் என்பது எனக்கே அதுவரை தெரியாது.

"பத்து கிராம்," என்றேன்.

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது.

"இனிக் கிராமிலயே சொல்லுங்கோ. குறைஞ்சாலும் சொல்லுங்கோ. இப்ப அந்தக் கோப்பையை எடுங்கோ."

அது அரைவாசி நிறையவே வெகுநேரம் பிடித்தது. நான் ஒரு கணக்கும் போடாமல் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.