தொட்டி சத்தம் போடாவிட்டால் எனக்குப் பயம்

மீன் தொட்டி வைத்துக் கொடுக்கிறவனுக்கு மீனால் ஒரு தொந்தரவும் கிடையாது. எல்லாத் தொந்தரவும் தண்ணீரால்தான். பாளையங்கோட்டையில் பதினெட்டு வருஷமாக இந்தத் தொழில் செய்கிறேன். இன்னும் போன் அடித்தால், யார் வீட்டில் தண்ணீர் வெளியே வந்ததோ என்றுதான் முதலில் தோன்றுகிறது. வீட்டில் தொட்டி வைத்திருக்கிறவர்களுக்கும், என்னைப் போலக் குழாயோடு மாரடிக்கிறவர்களுக்கும் நான் சொல்வது புரியும்.

மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். பெரிய தொட்டியில் நிறைகிற தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே அலமாரிக்குள் இருக்கிற சின்னத் தொட்டிக்கு இறங்கும். அங்கே சுத்தமாகி, மோட்டார் வழியாகத் திரும்ப மேலே ஏறும். இறங்குகிற தண்ணீர் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவதால் களக் களக் என்று சத்தம் வரும். அந்தக் குழாயில் ஒரு வால்வு வைத்து, காற்று நுழைய இடமில்லாதபடி பையத் திருகினால் சத்தம் அடங்கிவிடும். என் வித்தை இவ்வளவுதான். பயமும் அந்தத் திருகலில்தான் இருக்கிறது.

பல் டாக்டர் கிளினிக்

நோயாளிகள் காத்திருக்கிற ஹாலில் நாலடித் தொட்டி. அதன் சத்தம், பல் பிடுங்கும்போது வாயில் வைத்து எச்சிலை உறிஞ்சுகிற குழாயின் சத்தம் மாதிரியே இருக்கிறதாம். டோக்கன் வாங்கியவர்களில் சிலர் நைசாக எழுந்து போய்விடுகிறார்களாம். அரை மணி நேரத்தில் அடக்கிக் கொடுத்தேன். ஹால் கப்சிப் என்று ஆனது.

அப்போதுதான் உள்ளே பல்லைக் குடைகிற மிஷினின் சத்தம் வெளியே வந்தது. அதுவரை தொட்டிதான் அதை மூடி வைத்திருந்திருக்கிறது. கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த ஒருவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார். எனக்கே கடைவாய்ப் பல் கூசியது. டோக்கன் கொடுக்கிற பெண் ஓடி வந்து சொன்னார்: "அண்ணாச்சி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், அந்தச் சத்தத்தைப் பழையபடி வச்சிட்டுப் போங்க."

நர்ஸம்மா வீட்டு நத்தை

இது நான் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த தப்பு. ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மா, தனியாக இருப்பவர். வேதாகமம் வாசிக்கும்போது தொட்டி இடைஞ்சல் செய்கிறது என்றார். அவர் தொட்டியில் தண்ணீர் இறங்க ஒரே ஒரு குழாய். அதில் வால்வைத் திருகி, துளிச் சத்தம் இல்லை பாருங்கள் என்று பெருமையடித்துவிட்டு வந்தேன். திருகிக் குறுக்கின வழியில் மறுநாள் தொட்டிக்குள் இருந்த ஒரு நத்தை போய் உட்கார்ந்துகொண்டது. இறங்க வழியில்லாத தண்ணீர் தொட்டி விளிம்பைத் தாண்டி ஹாலுக்கு வந்துவிட்டது.

போன் வந்து ஓடினேன். நர்ஸம்மா நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். மேசைக்குக் கீழே கரண்டு போர்டு ஒன்று, தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "சத்தமே இல்லாம நிம்மதியா வாசிச்சிட்டு இருந்தேன் தம்பி. பாதம் நனைஞ்ச பெறவுதான் தெரிஞ்சுது."

சும்மா கிடக்கிற குழாய்

அன்றிலிருந்து இரண்டாவது குழாய் இல்லாமல் எந்தத் தொட்டிக்கும் வால்வு வைப்பதில்லை. அதன் வாய் முதல் குழாயைவிட ஒரு விரல் உயரத்தில் இருக்கும். முதல் குழாய் அடைத்தால்தான் தண்ணீர் அதை எட்டும். மற்ற நாளெல்லாம் காய்ந்து கிடக்கும்.

உவரியிலிருந்து மீன் எடுத்துவந்து இங்கே மார்க்கெட்டில் விற்கிற ஒரு அண்ணாச்சிக்கு அப்படி வைத்துக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துப் போனால், அந்தக் குழாயின் வாயில் ஒரு மூடி. பசை போட்டு ஒட்டியிருந்தார். தண்ணீரே போகாத குழாய்க்குள் பல்லி விழுந்து தொலைக்கும் என்று அடைத்துவிட்டாராம். ஆறு மாதமாக அந்த வீடு ஒரு நத்தையின் தயவில் இருந்திருக்கிறது. அந்தக் குழாய் எதற்கு என்று நர்ஸம்மா வீட்டுக் கதையோடு சொன்னேன். விஷயம் புரிந்ததும் அவர் முகம் செத்துப்போனது. "வள்ளத்துல ரெண்டாவது துடுப்பு சும்மாதான் கெடக்கும், அதை அடுப்புல வைக்க மாட்டோம். நீரு முன்னாலயே இப்படிச் சொல்லியிருக்கணும்வே."

கோமதி அக்காவின் காது

பெருமாள்புரத்தில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். நுரையீரல் கெட்டு, கட்டிலோடு கிடந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். தலைமாட்டில் அதற்கான மிஷின். மிஷினில் தண்ணீர் நிறைந்த ஒரு சீசா. காற்று அதன் வழியாகக் குமிழி குமிழியாக வரும். குமிழி வந்தால் காற்று போகிறது என்று அர்த்தம். கட்டிலுக்கு எதிரே தொட்டி. சாருக்கு நாள் முழுக்க மீனைப் பார்ப்பதுதான் வேலை.

அவர் மனைவி கோமதி அக்கா என்னை வாசலிலேயே நிறுத்திப் பேசினார். தொட்டிச் சத்தமும் சீசாவின் சத்தமும் ஒரே மாதிரியாம். ஒரு மத்தியானம் காற்றுக் குழாய் கட்டில் காலில் சிக்கி நசுங்கியிருக்கிறது. சீசாவில் குமிழி நின்றுவிட்டது. அடுக்களையில் இருந்த அக்காவுக்குத் தொட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாராம். தற்செயலாக எட்டிப் பார்த்தபோது சாருக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. தொட்டியின் இரண்டு குழாயையும் சரிபார்த்து, வால்வை மயிரிழை மயிரிழையாகத் திருகி, தொட்டியை ஊமையாக்கினேன். மிஷினின் வயர் என் தொட்டிக்கு அடியில்தான் ஓடியது. அதை மேலே தூக்கிக் கட்டினேன். அக்கா அடுக்களையில் நின்று கண்ணை மூடிக் கேட்டார். "இப்பம் அவியளுக்கு மூச்சு போவுதது எனக்கு இங்கன கேக்கு தம்பி."

சார் சொன்னது

பத்து நாள் கழித்துச் சார் நம்பரிலிருந்து போன். தண்ணீர்தான் வெளியே வந்துவிட்டது என்று அலறியடித்துப் போனேன். தரை காய்ந்து கிடந்தது. அக்கா பால் வாங்கப் போயிருந்தார். சார் என்னைக் கட்டில் பக்கத்தில் கூப்பிட்டு, மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார். "அவ வாரதுக்குள்ள அந்த வால்வைத் தொறந்து விட்டுரும். தொட்டிச் சத்தம் நின்னதுலருந்து எனக்குச் சீசா மட்டுந்தான் கேக்கு. ஒவ்வொரு குமிழியா எண்ணிட்டுக் கெடக்கேன். அடுத்தது வராம போயிருமோன்னு பயமா இருக்குவே."

வால்வைப் பிடித்தபடி நின்றேன். திறந்தால் அக்காவுக்குச் சீசா கேட்காது. திறக்காவிட்டால் சாருக்குச் சீசாவைத் தவிர வேறு எதுவும் கேட்காது. இப்படி ஒரு பயத்தை என் பதினெட்டு வருஷத்தில் நான் பட்டதில்லை. திரும்பினால் அக்கா பால் பாத்திரத்தோடு கதவருகில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மிஷின் இந்த அறையில்தான் இருக்க வேண்டுமா என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. மிஷின் கொடுத்தவரைப் போனில் பிடித்தோம். நீளக் குழாய் இருக்கிறது, போடலாம் என்றார். மறுநாள் அவரே கொண்டுவந்தார். மிஷினும் சீசாவும் அடுக்களைக்குப் போயின. கட்டில் கால் எட்டாதபடி குழாயைக் கதவு நிலைக்கு மேலே கிளிப் அடித்துக் கொண்டுவந்தேன். பிறகு வால்வைத் திறந்தேன். தொட்டி களக் களக் என்று பழைய கூச்சலைத் தொடங்கியது. சார் தலையணையில் சாய்ந்து, மீன்களைப் பார்த்தபடி சொன்னார்: "இனி பயப்படுத வேலையை அவ பாத்துக்கிடுவா. நான் மீனைப் பாக்கேன்."

தொட்டிச் சத்தம் அடக்கித் தரப்படும் என்று கடையில் போர்டு எழுதி வைத்திருக்கிற நான், பெருமாள்புரத்தில் அந்த ஒரு வீட்டைத் தாண்டும்போது மட்டும் வண்டியை நிறுத்தி, உள்ளே களக் களக் கேட்கிறதா என்று நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.