பொதுச்சுவருக்கு வைத்த வெற்றிலை

வலியசாலையில் எங்கள் வரிசையில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். என் அடுக்களை உத்தரத்தின் நுனி அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருந்தது. சுவரை இடிக்கவோ கட்டவோ போகிறவன் அடுத்த வீட்டுக்காரனுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்க வேண்டும். எடுத்துக்கொண்டால் சம்மதம். எழுத்தெல்லாம் கிடையாது.

அடுத்த வீட்டுக்காரர் சர்க்கார் கச்சேரியில் ஹெட் கிளார்க். நான் கல்யாணங்களுக்குச் சமைக்கப் போகிறவன். மோட்டார் ரோடு போட எங்கள் முன்னறைகளை இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அவர் இங்கிலீஷில் மனு எழுதினார். பழமையான தெருவாம், ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக் கூடாதாம். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். என்னிடம் வந்தபோது தட்டில் மனு, பக்கத்தில் வெற்றிலை பாக்கு. மரியாதை செய்கிறார் என்று நினைத்தேன். மடையன். கையெழுத்தும் போட்டேன், வெற்றிலையும் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவர் வைத்த கொத்தனார்கள் பொதுச்சுவரை இடித்தார்கள். உத்தரம் நாலு விரல் இறங்கிவிட்டது. ஓடினேன்.

"என்ன அண்ணா இது?"

"பின்கட்டு ஓட்டை இறக்கிட்டு சிமெண்டுல மட்டுப்பா போடறேன், மொட்டை மாடியாட்டம். வெத்தலை எடுத்துண்டீர், அல்லே?"

"அது மனுவுக்குன்னா வெச்சேள்?"

"மனுவுக்கு எவனாவது வெத்தலை வைப்பானா ஓய்? ஊருக்கெல்லாம் பந்தி விசாரிக்கறீர், இது தெரியாதா?"

தெருப் பெரியவர்களிடம் போனேன். எடுத்தது எடுத்ததுதான் என்றார்கள். ஒவ்வொருத்தன் மனசிலும் ஒரு மட்டுப்பா இருந்தது. மனுவில் முதல் கையெழுத்தும் அவர்களுடையதுதான்.

ஒரு பலாக்கட்டையை அடுக்களை நடுவில் நட்டு உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தேன்.

மனுவைப் பார்த்து ஓவர்சியர் வந்தார். ஹெட் கிளார்க் வாசல் வாசலாக நிறுத்தி, "கண்டோ சார், எல்லாம் பழையபடி" என்று காட்டினார். முகப்பு மட்டும் பழையபடிதான். என் வாசலில் ஓவர்சியர் நின்று, "அகத்தும் இதுபோலத்தன்னே அல்லே?" என்று உள்ளே கையைக் காட்டிக் கேட்டார்.

தெருவே என் வாயைப் பார்த்தது. உள்ளே கூட்டிப்போய்க் காட்டினால் மனு பொய்யாகும். ரோடு வரும். என் முன்னறையும் போகும்.

"அதே, சார்" என்றேன். அவர்களைத் திட்ட எனக்கும் யோக்கியதை போயிற்று.

ரோடு வேறு பக்கம் போனது. பழமையைக் காப்பாற்றிவிட்டோம் என்று விருந்து வைத்தார்கள். சமைக்க என்னைக் கூப்பிட்டார்கள். போய்ச் சமைத்தேன். இலை போட்டது அந்தப் புது மட்டுப்பாவில்.