அன்ரனெற் உரித்த இலைகள்

அந்த ஸ்ரிக்கர்களுக்கு ஓடர் கொடுத்தது நான்தான். உள்ளங்கை அளவில் ஒரு சிவப்பு மேப்பிள் இலை. அதன் கீழே, கனடாவில் தயாரிக்கப்பட்டது என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இரண்டு வரி. ஒரு சுருளில் ஐந்நூறு. எதற்கு என்று நான் கேட்கவில்லை. கனடாவின் மார்க்கம் நகரில் வீட்டுக் கூரைகளுக்கு சோலர் பனல் பூட்டும் சிறிய கம்பனி அது. வாரத்தில் மூன்று நாள் அங்கே கடதாசி வேலை பார்த்தேன். முதலாளி மகேஸ்வரன் சொல்வதை ரைப் பண்ணுவது என் வேலை. கேள்வி கேட்பது அன்ரனெற் அக்காவின் வேலை. அதற்கு அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

அன்ரனெற்றுக்கு ஐம்பத்திரண்டு வயது. மன்னார், பேசாலை. ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு. அஜின்கோர்ட்டில் இருந்து இரண்டு பஸ் மாறி, காலை ஏழு மணிக்கு முன்பே கம்பனி சாமான் அடுக்கும் முற்றத்துக்கு, யாட்டுக்கு, வந்துவிடுவார். பனல் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. 'கண்ணாடி' என்பார். அது தொழிற்சாலையில் பழகிய சொல்.

2011இல் ஸ்காபரோவில் அவருக்கு அந்தத் தொழிற்சாலை வேலை கிடைத்தது. மாகாண அரசு அப்போது ஒரு விதி வைத்திருந்தது. கூரையில் எடுக்கும் மின்சாரத்தை அரசுக்கு நல்ல விலைக்கு விற்க வேண்டுமானால், சாமானில் ஒரு பங்கு ஒன்ராறியோவில் செய்ததாக இருக்க வேண்டும். அந்த விதியால் முளைத்த தொழிற்சாலைகளில் ஒன்று அது. வெயிலை மின்சாரமாக்கும் செல்கள் சீனாவில் இருந்து பெட்டி பெட்டியாக வரும். நீலக் கறுப்பு நிறம், அப்பளத்தைப் போல நொருங்கக் கூடியவை. பெண்கள் அவற்றை வரிசையாகப் பற்றவைத்து, கண்ணாடியில் அடுக்கி, சூட்டில் அமத்தி, சுற்றிவரச் சட்டம் போடுவார்கள். அமத்துவதற்கு முன், கண்ணாடிக்கும் செல்லுக்கும் இடையில் நம்பர் அச்சடித்த ஒரு மெல்லிய துண்டை வைக்க வேண்டும். அது அன்ரனெற்றின் வேலை. பின்பக்கத்து லேபலை யாரும் மாற்றலாம். உள்ளே போன நம்பரைக் கண்ணாடியை உடைக்காமல் தொட முடியாது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது கிழமை, ஒரு காலை முழுவதும் அவர் அந்தத் துண்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அமத்தி முடிந்த பிறகுதான் தெரிந்தது. முப்பது கண்ணாடிகளிலும் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. சுப்பவைசர் அதில் ஒன்றைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டிவிட்டார். "அன்ரனெற்றின்ர ஞானஸ்நானம் குடுக்காத பிள்ளை" என்று கூட வேலை செய்தவர்கள் பகிடி பண்ணினார்கள். அதைப் பார்த்துக்கொண்டுதான் மூன்று வருடம் சோறு தின்றதாக அவர் சொல்வார். அதற்குப் பிறகு கையில் வரும் ஒவ்வொரு கண்ணாடியையும் திருப்பி, முன்பக்கம் பார்த்து நம்பரை வாசித்து, ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதி வைத்தார். யாரும் எழுதச் சொல்லவில்லை.

ஒன்ராறியோவின் விதி வர்த்தக ஒப்பந்தத்துக்கு எதிரானது என்று ஜப்பானும் ஐரோப்பாவும் வழக்காடி வென்றன. சீனாவில் செய்து முடித்து வரும் கண்ணாடியின் விலையோ மாதத்துக்கு மாதம் விழுந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வரத் தேவையில்லை என்றார்கள். அன்ரனெற் கொப்பிகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பிறகு ஒபிஸ் துப்புரவு, டோனற் பலகாரக் கடை. நாற்பத்தைந்து வயதில், மகனின் வயதுப் பெடியங்களோடு வகுப்பில் இருந்து மின்சார வேலை பழகும் அப்பிரன்ரிஸ் ஆனார். லைசென்ஸ் பரீட்சை எழுத ஒன்பதாயிரம் மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும். அதற்கு முதலாளி கையெழுத்து வைக்க வேண்டும். மகேஸ்வரன் ஒருமுறை ஒரு மாதத்துக் கணக்கை மறந்துவிட்டதால், நேற்றைய வேலைக்கு இன்று காலையே கையெழுத்து வாங்குவது அன்ரனெற்றின் வழக்கமாயிற்று. நான் சொல்லும் அந்த ஜூன் மாதத் திங்கட்கிழமை, அவருக்கு இன்னும் இருநூற்றுப் பத்து மணித்தியாலம் மீதி இருந்தது.

அந்த வருடம், கனடாச் சாமானுக்கு இறக்குமதி வரி போடுவோம் என்று எல்லைக்கு அப்பால் இருந்து பயமுறுத்தல் வந்திருந்தது. சனம் கனடாச் சாமானையே தேடியதால், கடைகளில் தக்காளிக்குக்கூட இலைப்படம் வைத்தார்கள். யூனியன்வில்லில் ஒரு வீட்டுக்கு இருபத்திரண்டு கண்ணாடி பூட்ட வேண்டும். யாட்டில் அன்ரனெற் முதலாவதைத் தூக்கி, வழக்கம்போல நம்பரை வாசித்தார். பிறகு பின்பக்கம் திருப்பினார்.

"உதென்ன?"

"இலையக்கா," என்றார் யசிந்தன். கூரை வேலைக்காரர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். "சனிக்கிழமை முழுக்க நான்தான் ஒட்டினன். கையெல்லாம் பசை."

"எதுக்கு மேல ஒட்டினனீ?"

"அண்ணை காட்டின இடத்தில."

அன்ரனெற் இலையின் ஓரத்தைக் கிளப்பிக் கீழே இருந்த லேபலை வாசிக்கும்போது, மகேஸ்வரன் கோப்பிக் கப்போடு வெளியே வந்தார். "என்னக்கா, காலங்காத்தால?"

"கீழ வியற்நாம் எண்டு கிடக்கு. மேல கனடா எண்டு கிடக்கு. எது உண்மை?"

"நம்மட கம்பனி கனடாக் கம்பனி. பூட்டுறது கனடாச் சிற்றிசன். அப்ப கனடாச் சாமான்தானே?"

"அப்ப உம்மட நெத்தியில ஒட்டும். அதுவும் பொய்தான். நீர் களுவாஞ்சிக்குடித் தயாரிப்பு."

யசிந்தன் சிரிப்பை இருமலாக்கினார். மகேஸ்வரன் சிரிக்கவில்லை.

"எல்லாரும் செய்யிறானுகள் அக்கா. வீட்டுக்கார நாகேஸ்வரி அம்மா கனடாச் சாமான்தான் வேணும் எண்டு நிக்கிறா. உண்மையா இஞ்ச செய்யிறத வாங்கிப் பூட்டினா எனக்கு ஒண்டும் மிஞ்சாது. நான் இல்லையெண்டு சொன்னா, நாளைக்கு வேற ஒருத்தன் இலையோட வந்து நிப்பான்."

"வரட்டும். அது அவன்ர வெக்கம்."

"பூட்டின ஆள்தான் கடதாசியில சைன் வைக்கணுமாம். அந்த அம்மாட கண்டிசன். நீங்கதான் வைக்கணும்." கோப்பியை ஒரு மிடறு குடித்தார். "இருநூற்றுப் பத்து மணித்தியாலம்தானே மிச்சம்? அதுக்குச் சைன் வைக்கிறது ஆரு எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்க."

அன்ரனெற் இடுப்புப் பட்டியை இறுக்கிக்கொண்டு கம்பனியின் வான் வண்டியில் ஏறினார். அடங்கிவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். கையெழுத்து வாங்க நானும் கூடப் போனேன்; கடதாசி என் மடியில் இருந்தது. தயாரித்த நாடு என்ற இடத்தில் கனடா என்று நான்தான் ரைப் பண்ணியிருந்தேன்.

கெனடி வீதியில் போகும்போது அவர் திடீரென்று கேட்டார்: "தங்கச்சி, போன கிழமை நீ ஒரு செய்தி காட்டினாய். சீனாவில கண்ணாடி அளவுக்கு மிஞ்சிச் செய்து, விலை விழுந்து, கம்பனியள் ஆக்களை நிப்பாட்டினது எண்டு. எத்தினை பேர்?"

"ஆயிரக்கணக்கில அக்கா."

"வெள்ளிக்கிழமையோ?"

"அது போடேல்ல."

"வெள்ளிக்கிழமையாத்தான் இருக்கும்."

நாகேஸ்வரி அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. தபால் கந்தோரில் இருபத்தேழு வருடம் விலாசம் பார்த்துக் கடிதம் பிரித்துவிட்டு ஓய்வுபெற்றவர். எங்களைக் கண்டதும் கராஜைத் திறந்துவிட்டு, தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். யசிந்தன் கண்ணாடிகளை இறக்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். அன்ரனெற் கூரையைப் பார்க்கவே இல்லை.

"அக்கா, தலை காயவைக்கிற மெசின் ஒண்டு தாறியளே?"

"ஏன் புள்ள? மழையே பெய்யல்லியே."

"என்ர தலைக்கில்லை. உங்கட கண்ணாடிக்கு."

வயரை இழுத்துக் கராஜ் பிளக்கில் கொழுவி, நிலத்தில் குந்தி, முதலாவது இலைக்குச் சூடு காட்டினார். பசை இளகியது. நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி மெதுவாக இழுத்தார். இலை முழுதாக வந்தது. கீழே இருந்த லேபலில் ஒரு எழுத்தும் பழுதாகவில்லை. நாகேஸ்வரி அம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கிக் குனிந்தார். விலாசம் வாசித்த கண் அது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விடாமல் வாசித்தார்.

"வியற்நாமா?"

"ஓம் அக்கா. கம்பனி சீனாக்காரன்ர. சீனாவில இருந்து நேர வந்தா இஞ்ச மேலதிக வரி. அதால வியற்நாமில பொருத்துறாங்கள். உள்ளுக்க கிடக்கிற செல் சீனா."

"மகேஸ் எனக்குக் கனடா எண்டுதானே சொன்னவன். ஊர்க்காரன் எண்டு நம்பித்தானே குடுத்தன்." அவரின் குரல் உயர்ந்தது. "உனக்கு இது எப்பத் தெரியும்?"

"இண்டைக்கு ஏழு மணிக்கு. பொய்க்கு நான் கையெழுத்து வைக்கிறேல்லை. அதுக்குத்தான் மெசின் கேட்டனான்." அடுத்த இலைக்குச் சூடு காட்டினார். "நானும் ஸ்காபரோவில உது செய்தனான் அக்கா, மூண்டு வரியம்."

"அதெண்டாலும் கனடாச் சாமானா?"

அன்ரனெற் மெசினை நிற்பாட்டினார். "செல் எல்லாம் சீனாப் பெட்டியில வந்தது. நாங்கள் ஒட்டி, அமத்தி, சட்டம் போட்டு, ஒன்ராறியோ எண்டு அனுப்பினம். அரசாங்கச் சட்டம் ஓம் எண்டது."

"அப்ப நீயும் கள்ளிதான்."

"ஓம். சட்டம் தெரிஞ்ச கள்ளி."

நாகேஸ்வரி அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டார். "சரி, உண்மையச் சொல்லு. இது நல்ல சாமானா, இல்லாட்டி ரெண்டு வருசத்தில குப்பையா?"

அன்ரனெற் கண்ணாடியின் ஓரத்தை விரலால் தடவினார். இந்தக் கண்ணாடிகள்தான் அவரின் வேலையைத் தின்றவை. சாப்பாட்டு நேரங்களில், அவங்கள் விலையால வெண்டவங்கள், வேலையால இல்லை என்று அவர் சொல்லி நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

"நான் செய்ததை விட நல்லது," என்றார். "நாங்கள் செய்தது இருநூற்று நாப்பது வாட். உது ஏறக்குறைய அதே அளவில நானூற்று நாப்பது. பின்பக்கமும் கண்ணாடி. லேசில ஈரம் இறங்காது. எனக்குச் சொல்ல விருப்பமில்லை. ஆனா அதுதான் உண்மை." இன்னொரு இலையை உரித்துத் தன் முழங்காலில் ஒட்டினார். "உதுக்குள்ளயும் ஒருத்தி நம்பர் வைச்சிருக்கிறாள். அவளுக்கு இப்ப வேலை இருக்கோ இல்லையோ தெரியாது. அவள்ர வேலைக்கு மேல நான் இலை ஒட்டமாட்டன்."

யசிந்தன் தன் கையில் இருந்த ஏணியைப் பார்த்தார். பிறகு அதைச் சாய்த்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் குந்தி உரிக்கத் தொடங்கினார். "ஒட்டினவனே உரிக்கிறான்," என்று முணுமுணுத்தார். "ரெண்டுக்கும் சம்பளம் வருமோ தெரியாது."

நாகேஸ்வரி அம்மா உள்ளே போய் மகேஸ்வரனுக்குப் போன் அடித்தார். அரை மணித்தியாலத்தில் அவர் வந்து சேர்ந்தபோது பதினெட்டு இலைகள் உரிந்துவிட்டன.

"அக்கா! உங்களுக்கு என்ன பைத்தியமா? என்ட பிசினசையே..."

"என்ட வாசல்ல நிண்டு கத்தாத," என்றார் நாகேஸ்வரி அம்மா. "கடதாசிய எடு."

நான் நீட்டினேன். கனடா என்ற சொல்லை நாகேஸ்வரி அம்மாவே பேனையால் வெட்டினார். பேனையை மகேஸ்வரனின் கையில் கொடுத்தார். "எழுது. உன்ட கையாலேயே எழுது."

"அம்மா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க..."

"கேட்டுத்தானே இந்த நிலையில நிக்கிறன். வியற்நாம் எண்டு எழுது. சீனாக் கம்பனி எண்டும் எழுது. எழுதாட்டி இருபத்திரண்டையும் திருப்பி ஏத்திட்டுப் போ."

அவர் எழுதினார். அன்ரனெற் முழங்காலில் இருந்த இலைகளைக் கிள்ளி எடுத்து, கையைத் துடைத்துவிட்டு, கீழே தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்து வைத்தார். பிறகு கூரையில் ஏறினார். பின்னேரம் நான்கு மணிக்கு இருபத்திரண்டு கண்ணாடிகளும் மேலே இருந்தன.

புறப்படும்போது வானுக்குப் பக்கத்தில் மகேஸ்வரன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நாளைக்கு வராதீங்க."

"எழுத்தில தாரும்," என்றார் அன்ரனெற்.

செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போனபோது ஏழுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அவர் எனக்கு முன்பே வந்து, சப்பாத்து, தலைக்கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு, அலுவலக வாசலில் நின்றார். கையில் கொப்பி. மகேஸ்வரன் அவரைத் தாண்டி உள்ளே வந்து என் மேசைக்கு முன் நின்றார்.

"புள்ள, ஒரு கடிதம் அடி. இண்டையில இருந்து வேலை இல்லையெண்டு."

நான் கணினியைத் திறந்து, திகதியையும் அன்ரனெற்றின் முழுப்பெயரையும் அடித்தேன். பிறகு விரல்களை எடுத்துவிட்டேன். அந்த அலுவலகத்தில் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

"காரணம் என்னெண்டு போட?"

அவர் திரையைப் பார்த்தார். மேசையின் ஓரத்தில் அந்த ஸ்ரிக்கர்ச் சுருள் இருந்தது. எழுதுவதானால் அந்தக் காரணத்தைத்தான் எழுத வேண்டும். அதையும் பார்த்தார்.

வாசலில் நின்ற அன்ரனெற் உள்ளே வந்து, கொப்பியை விரித்து மேசையில் வைத்தார். திங்கட்கிழமை, யூனியன்வில், இருபத்திரண்டு நம்பர்கள், ஒன்றின் கீழ் ஒன்று. பக்கத்தில் பேனை.

"ஒவ்வொரு நாளும் நான் தூக்கின கண்ணாடியின்ர நம்பர் உதில கிடக்கு தம்பி. அந்த நம்பர் அந்தக் கூரையிலயும் கிடக்கு. நான் வேலை செய்யேல்ல எண்டு நீர் ஆருக்கும் சொல்லேலாது. நிப்பாட்டுறதெண்டா காரணத்தை எழுதி நிப்பாட்டும். இல்லையெண்டா நேற்றையான் எட்டு மணித்தியாலத்துக்குக் கையெழுத்து வையும். வான் வெளிக்கிட நேரமாச்சு."

வெளியே யசிந்தன் வானை ஸ்ராட் பண்ணும் சத்தம் கேட்டது. மகேஸ்வரன் பேனையை எடுத்தார். எழுத்து கோணலாக விழுந்தது, ஆனால் விழுந்தது. அவர் என்னைப் பார்க்காமலே, "அந்தக் கடிதத்த அழி," என்றார்.

அன்ரனெற் கையெழுத்தை உற்றுப் பார்த்து, எட்டைக் கழித்து, பக்கத்தின் மூலையில் எழுதினார்: இருநூற்றிரண்டு. கொப்பியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு யாட்டுக்குப் போனார். அடுத்த வேலைக்கான கண்ணாடிகள் அங்கே இறக்கிக் கிடந்தன. முதலாவதைத் தூக்கி வெளிச்சத்துக்குத் திருப்பி, உள்ளே இருந்த நம்பரை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.