வரிசை மாறிய துண்டறிக்கை

கரியாலூரில் வேளாண் பயிற்சியில் இருந்தபோது, மரவள்ளி மாவுப்பூச்சி பற்றி ஒரு துண்டறிக்கை எழுதினேன். ஒரு வேளாண் நூலைப் பார்த்து எழுதியது தெரியக்கூடாது என்று, சொற்களை மாற்றி, வாக்கியங்களையும் முன்பின்னாகப் போட்டேன். மறுநாள் அது அச்சாகி மலை ஊர்களுக்கெல்லாம் போக வேண்டும். மரவள்ளிக் குச்சி நட்டுப் பயிர் செய்யும் செல்வியிடம் படித்துக் காட்டினேன்.

"இன்னா மேடம், நட்டப்பறம் குச்சிய மருந்துல முக்கணுமா? புதைச்சத மறுபடி புடுங்கச் சொல்றீங்களா?" என்று சிரித்தாள்.

எனக்கு முகம் சுட்டது. நூலை மூடி வைத்துவிட்டு, "மொதல்ல குச்சிய மருந்துல முக்கி வைங்க. அப்பறம் மண்ணுல நடுங்க," என்றேன்.

"இத்தயே எழுதுங்க மேடம்."

அதையே எழுதினேன். பிறகு நூலைத் திறந்து, அளவும் நேரமும் சரிபார்த்து, நூலின் பெயரை அடியில் சேர்த்தேன்.

இப்போதெல்லாம் எழுதும் முன் யாருக்காவது வாயால் சொல்லிப் பார்க்கிறேன். சொல்ல வராவிட்டால், எனக்கே இன்னும் புரியவில்லை என்று மறுபடி படிக்க உட்காருகிறேன்.